பார்டாகப் போகும் சார்சரருக்கு

அன்புள்ள தம்பிக்கு,

உன் சார்சரர் 4-வது லெவலை எட்டியதும் பார்ட் பக்கம் போகப்போவதாக எழுதியிருந்தாய். வேண்டாத மந்திரங்களை அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்றும் ஒரு வரி இருந்தது. அந்த வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

உங்கள் குழு ஆடுவது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2014 விதிகளை வைத்து. அதில் சார்சரர் லெவல் ஒன்று ஏறும்போது, தெரிந்த சார்சரர் மந்திரங்களில் ஒன்றை விட்டுவிட்டு வேறொன்றை எடுக்கலாம். பார்டுக்கும் இந்தச் சலுகை உண்டு. ஆனால் எந்தக் கிளாஸில் லெவல் ஏறுகிறதோ அந்தக் கிளாஸின் மந்திரத்தைத்தான் மாற்ற முடியும். பார்டில் நீ ஆறு லெவல் ஏறினாலும், சார்சரராகக் கற்ற ஐந்து மந்திரங்களும் அசையாமல் அப்படியே கிடக்கும். 2024 பதிப்பிலும் இந்த இருவருக்கும் இதே கணக்குதான். விசார்டுக்கும் கிளெரிக்குக்கும் இந்தக் கவலை இல்லை. ஒரு இரவு ஓய்வெடுத்தால் மறுநாள் வேறு மந்திரங்களோடு கிளம்பிவிடுவார்கள்.

நானும் ஒருமுறை உன்னைப் போலத்தான் நினைத்தேன். முதல் லெவலில் ஸ்லீப் எனக்கு உயிர்; ஒரு கோப்ளின் கூட்டத்தையே தூங்கவைத்திருக்கிறேன். அதை மாற்றாமலே பார்டுக்குத் தாவினேன். சில மாதம் கழித்து ஒரு பாலத்தில் ஓகர் ஒன்று வழிமறித்தது. முதல் நிலை ஸ்லாட்டில் ஸ்லீப்புக்கு எட்டுமுகப் பகடை ஐந்து. ஐந்திலும் எட்டே விழுந்தாலும் 40. அடிபடாத ஓகருக்கு 59 ஹிட் பாயிண்ட். பகடையைக் கையில் எடுக்கும் முன்பே தோற்றுவிட்டேன். என் பின்னால் நின்ற கிளெரிக்தான் அதற்கு விலை கொடுத்தாள். அந்த அமர்வை நான் இன்னும் மறக்கவில்லை.

இன்னொரு இடத்திலும் பலர் தடுக்கி விழுகிறார்கள். சார்சரர் 4, பார்ட் 1 என்றானதும் உனக்கு மூன்றாம் நிலை ஸ்லாட் இரண்டு வந்துவிடும். அதைப் பார்த்து ஃபயர்பாலை எடுக்கக் கை துறுதுறுக்கும். எடுக்க முடியாது. ஸ்லாட் இரண்டு கிளாஸுக்கும் பொது. மந்திரம் கற்பது தனித்தனி. அந்தந்தக் கிளாஸை மட்டும் ஆடுபவனாக உன்னை நினைத்துக்கொண்டுதான் தேர்ந்தெடுக்க வேண்டும். சின்ன மந்திரத்தைப் பெரிய ஸ்லாட்டில் போடலாம், அவ்வளவுதான். ஃபயர்பால்தான் உன் ஆசை என்றால் 5-வது லெவல் வரை சார்சரராகவே இரு. என்னைக் கேட்டால் அந்த ஒரு லெவல் பொறுப்பது நல்லது.

இல்லை, 4-லேயே கிளம்புகிறாய் என்றால், அந்த லெவல் ஏறும்போது கிடைக்கும் ஒரே மாற்றத்தை வீணாக்காதே. அங்கே ஸ்லீப்பை எடுத்துவிட்டு ஷீல்டை வை. உன் ஆர்மர் கிளாஸில் அது தரும் கூடுதல் 5 எந்த லெவலிலும் கைகொடுக்கும். பார்ட் பட்டியலில் அது கிடையாது. புதிதாகக் கிடைக்கும் இடத்துக்கு மிஸ்டி ஸ்டெப். ஸ்லீப்பை விட மனமில்லையா, பார்ட் 1-ல் மறுபடி எடுத்துக்கொள். அந்தப் பக்கம் நீ தொடர்ந்து ஏறப்போகிறாய். ஸ்லீப் தேய்ந்துபோனதும் கழற்றிவிடலாம்.

உங்கள் டி.எம். இதில் தளர்வு தரலாம், பல மேசைகளில் தருகிறார்கள். ஆனால் கேட்பதைத் தாவுவதற்கு முன்பே கேள், சண்டைக்கு நடுவில் கேட்டு அவரைச் சங்கடப்படுத்தாதே. அந்த ஐந்து மந்திரங்களையும் கேரக்டர் ஷீட்டில் பென்சிலால் எழுதி, படம் எடுத்து அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு முன் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்