ஜப்பானியப் பிறவினை: ஒரு வடிவம், இரு பொருள்

ஒருவர் தாமே செய்வது தன்வினை. பிறரைச் செய்விப்பது பிறவினை. தமிழில் 'படிக்க வைத்தாள்' என்பது தூண்டலையும், 'படிக்க விட்டாள்' என்பது இசைவையும் உணர்த்தும். ஜப்பானிய மொழியிலோ இவ்விரண்டிற்கும் ஒரே வினைவடிவம்தான். அம்மொழியைப் புதிதாகக் கற்போர் தடுமாறும் இடம் இது. (ஜப்பானியச் சொற்களின் ஒலிப்பு இங்கே ஏறத்தாழத் தரப்பட்டுள்ளது.)

வடிவம் அமையும் முறை

முதல் வகை வினைகளில் இறுதி உகரம் அகரமாகி 'ஸெரு' சேரும்: யொமு (படி) – யொமஸெரு, யஸுமு (ஓய்வெடு) – யஸுமஸெரு. மெய் சேராத தனி உகரம் மட்டும் 'வ' ஆகும்.

இரண்டாம் வகையில் இறுதி 'ரு' நீங்கி 'ஸஸெரு' சேரும்: தபெரு (உண்) – தபெஸஸெரு.

விதிக்கு அடங்காதவை இரண்டு: ஸுரு (செய்) – ஸஸெரு; குரு (வா) – கொஸஸெரு.

பொருள் கொள்ளும் முறை

'கொதொமொ நி ஹொன் ஒ யொமஸெரு' என்னும் தொடரில் 'கொதொமொ' குழந்தை, 'ஹொன்' புத்தகம். குழந்தையைப் படிக்க வைத்தல், படிக்க விடுதல் ஆகிய இரண்டும் இதன் பொருளாகலாம். எது என்பதைச் சூழலே முடிவு செய்யும்.

பணிவுக்கு ஒரு கருவி

இறுதி 'ரு'வை நீக்கி 'த்தே குதஸாய்' சேர்த்தால் பிறவினை அனுமதி வேண்டுதலாகிவிடும். அலுவலகத்தில் விடுப்புக் கேட்போர் 'யஸுமஸெத்தே குதஸாய்' என்பர். 'என்னை ஓய்வெடுக்க விடுங்கள்' என்பது பொருள். பிறவினையை மறந்து 'யஸுன்தே குதஸாய்' என்றால், 'நீங்கள் ஓய்வெடுங்கள்' என்று மேலாளருக்கே சொன்னதாகிவிடும்!

ஜப்பானியக் கடைகளிலும் வங்கி முகப்புகளிலும் காத்திருந்தவரை 'ஒமத்தஸே ஷிமஷித்தா' என்று வரவேற்பர். 'உங்களைக் காக்க வைத்துவிட்டேன்' என்பது அதன் பொருள். தாமதத்திற்கான பொறுப்பைப் பேசுபவர் தம்மேல் ஏற்றுக்கொள்ள இங்கும் பிறவினையே உதவுகிறது.

ஆனால், மேலதிகாரி நமக்காக ஒன்றைச் செய்ததைக் கூறும்போது பிறவினையைத் தவிர்க்க வேண்டும். 'அவரைச் செய்ய வைத்தேன்' என்பது அங்கே மரியாதைக் குறைவு.

ஆக, யார் யாருக்கு இசைவு தருகிறார், பொறுப்பு யாருடையது என்பவற்றை உணர்ந்து பேசுவதே இப்பாடத்தின் பயன்.

பயிற்சி: நொமு (குடி – முதல் வகை), நெரு (உறங்கு – இரண்டாம் வகை) ஆகியவற்றால் அனுமதி கேட்க.

விடை: நொமஸெத்தே குதஸாய், நெஸஸெத்தே குதஸாய்.