‘பே’ என்னும் சொல்லுக்கு ஓசைத் துணை தேடுவோம்



நாள் முழுதும் கடையில் நம் காதில் விழும் ஆங்கிலச் சொற்களுள் உருவிற் சிறியதும் பயனிற் பெரியதுமான சொல் ‘பே’ என்பது. ‘பணம் செலுத்து’ என்பது அதன் பொருள். வாடிக்கையாளர் அதைச் சொல்லுகிறார். கல்லாவில் இருப்பவர் சொல்லுகிறார். சிங்கப்பூரில் 2017-ஆம் ஆண்டு முதல் வழக்கிலிருக்கும் ‘பேநவ்’ என்னும் பணமனுப்பும் முறையின் பெயரிலும் அதுவே முன்னால் நிற்கிறது. மூன்றே எழுத்துக்கள்: பி, ஏ, ஒய். இச்சின்னஞ்சிறு சொல்லோடு ஓசை ஒத்து வரும் சொற்களைத் தேடிப் பிடிப்பதே இன்றைய பாடம்.

“இது பாட்டெழுதும் புலவர்க்குரிய வேலையன்றோ? வியாபாரிக்கு இதனால் என்ன லாபம்?” என்று சிலர் கேட்கலாம். லாபம் உண்டு. நம்மவருள் இரு சாரார் இருக்கிறோம். ஒரு சாரார் கடையில் நின்று காதால் ஆங்கிலம் பயின்றவர்கள். அவர்களுக்குப் பேச வரும், படிக்கத் தயங்குவார்கள். மறு சாரார் பள்ளியில் கண்ணால் பயின்றவர்கள். அவர்களுக்கு எழுத்துத் தெரியும், ஒலியில் தடுமாறுவார்கள். முன்னவர், “நமக்கு ஆங்கிலமே தெரியாது” என்று கூசி, வந்த கடிதத்தைப் பிரிக்காமலே அடுத்தவரிடம் நீட்டுகிறார். பின்னவர், பிறர் நகைப்பார்களோ என்று அஞ்சி வாய்மூடி நிற்கிறார். உண்மை யாதெனில், ஆளுக்குப் பாதியாக இருவர் கையிலும் அம்மொழி இருக்கிறது. அவ்விரு பாதிகளையும் ஒட்டவைக்கும் எளிய பயிற்சி இது.

எதுகை அன்று, இயைபு

நமக்கு ஓசை நயம் புதிதன்று. தமிழ்ச் செய்யுளில் அடிதோறும் இரண்டாம் எழுத்து ஒத்து வருவதை எதுகை என்றும், முதலெழுத்து ஒத்து வருவதை மோனை என்றும், அடியின் இறுதி ஒத்து வருவதை இயைபு என்றும் நம் இலக்கணம் வகுத்திருக்கிறது. ஆங்கிலப் பாட்டு பெரிதும் நாடுவது இந்த இயைபையே. அரபுக் கவிதையின் ‘காஃபியா’வும் முடிவோசையைச் சார்ந்ததுதான். இந்நாட்டு மலாய்ப் பந்துனில் முதலடியின் முடிவு மூன்றாம் அடியோடும், இரண்டாம் அடியின் முடிவு நான்காம் அடியோடும் ஒத்து வருவதை நாம் கேட்டிருக்கிறோம்.

இவ்வகைத் தேடலுக்கு அகராதி செய்தவர்களும் உண்டு. வீரமாமுனிவர் 1732-இல் தொகுத்த சதுரகராதியின் நான்காம் பகுதியாகிய தொடையகராதி, சொற்களை எதுகை வரிசையில் தருகிறது. ஆங்கிலத்தில் ஜான் வாக்கர் என்பவர் 1775-இல் சொற்களை முடிவெழுத்து வரிசையில் அடுக்கி ஓர் அகராதி வெளியிட்டார். ஆனால், எழுத்தால் அடுக்குவதில் ஓர் இடர்ப்பாடு இருக்கிறது. தமிழில் எழுத்தும் ஒலியும் பெரும்பாலும் ஒன்றியே செல்லும், ஆங்கிலத்தில் அப்படியன்று. ஆகவே இப்பாடத்தின் முதல் விதி: ஓசைத் துணையைக் காதால் தேடுக, கண்ணால் தேடற்க.

தேடும் முறை

‘பே’ என்பதிலிருந்து முதல் ஒலியைக் கழற்றிவிட்டால் எஞ்சுவது ‘ஏ’ என்னும் ஓசை. இதன் முன்னே ஆங்கில மெய்யெழுத்துக்களை ஒவ்வொன்றாக வைத்துப் பார்க்க வேண்டும். டே - நாள். ஹே - வைக்கோல். லே - கிடத்து. மே - மே மாதம். ரே - கதிர். சே - சொல். வே - வழி.

பிறகு இரு மெய்களைச் சேர்த்து வைக்கலாம். பிளே - விளையாடு. டிரே - தட்டு. ஸ்டே - தங்கு. கிளே - களிமண். சற்று நீண்ட சொற்களும் இக்குடும்பத்தில் உண்டு. டுடே - இன்று. டிலே - தாமதம். ரீபே - திருப்பிச் செலுத்து. டிஸ்பிளே - பார்வைக்கு வை. இவற்றுள் பல நாம் அன்றாடம் கடையில் வழங்குபவையே. இவையெல்லாம் ஏ, ஒய் என்னும் ஈரெழுத்தில் முடிகின்றன. ஒன்றைப் படிக்கத் தெரிந்தால் பன்னிரண்டைப் படிக்கலாம்.

வேறு உடை அணிந்தவை

அதே ஓசை, எழுத்து மட்டும் வேறு. இப்படியும் சில உண்டு. தராசு பிடிப்பவர்களுக்கு மிக வேண்டிய சொல் ‘வே’. எடையிடு என்று பொருள். அதன் எழுத்துக்கள்: டபிள்யூ, ஈ, ஐ, ஜி, எச். கடைசி இரண்டும் ஒலிப்பதில்லை. முற்காலத்தில் ஆங்கிலேயர் அவ்விடத்தில் அரபியின் ‘கா’வைப் போன்று தொண்டையில் உரசும் ஓர் ஒலியை உச்சரித்தனர். 1476-இல் வில்லியம் காக்ஸ்டன் இங்கிலாந்தில் முதல் அச்சுக்கூடம் நிறுவிய பின்னர் எழுத்துக்கள் மெல்ல மெல்ல நிலைபெற்றன. நாவோ மாறிக்கொண்டே போயிற்று. ஒலி மறைந்தது, எழுத்து நின்றது.

ஈ, ஒய் என முடிந்தும் இவ்வோசை தருவன சில: தே - அவர்கள், கிரே - சாம்பல் நிறம், ஒபே - கீழ்ப்படி. பிரெஞ்சு மொழியிலிருந்து வந்த ‘பஃபே’ என்னும் விருந்துச் சொல் ஈ, டி என முடிகிறது. அந்த டி வாய்க்கு வருவதில்லை. இச்சொல்லில் அழுத்தம் முதலசையில் விழுவதால் இது அரை இயைபு. டுடே, டிலே என்பவற்றில் அழுத்தம் கடைசி அசையில் விழுவதால் அவை முழு இயைபு.

ஏமாற்றும் சொற்கள்

இனிக் கண்ணை ஏமாற்றும் சொற்களைக் காண்போம். சிங்கப்பூர் ஆற்றங்கரையில் ‘போட் கீ’ இருக்கிறது. பினாங்கில் ‘வெல்ட் கீ’ இருக்கிறது. சூலியர் என்று அழைக்கப்பட்ட நம் முன்னோர் பலர் சிங்கப்பூர் ஆற்றில் சரக்குப் படகு ஓட்டிப் பிழைத்தவர்கள். சரக்குப் படகுகள் 1983-இல் அவ்வாற்றை விட்டு அகன்றுவிட்டன, பெயர் நிலைத்திருக்கிறது. துறைமுகக் கரையைக் குறிக்கும் அச்சொல்லின் எழுத்துக்கள் க்யூ, யு, ஏ, ஒய். முடிவைப் பார்த்தால் ‘பே’க்கு உடன்பிறப்பு, ஒலியைக் கேட்டால் ‘கீ’, அதாவது சாவியைக் குறிக்கும் சொல்லின் ஒலியே! பழைய ஆங்கிலத்தில் அதனைச் சாவியைப் போலவே கே, ஈ, ஒய் என்றும் எழுதினர். பின்னர் பிரெஞ்சு எழுத்தைப் பார்த்து உடையை மாற்றினார்களேயன்றி ஒலியை மாற்றவில்லை. பள்ளிப் பிள்ளை எழுத்தைக் கூட்டி ‘க்வே’ என்று படிக்கக்கூடும். ஒரு நாளும் பள்ளிக்குச் செல்லாத கடைக்காரர் ‘கீ’ என்று சரியாகச் சொல்வார். காதால் கற்ற கல்வி இங்கே வெல்லுகிறது.

மற்றொன்று: ‘சே’ என்பதன் இறுதியில் எஸ் சேர்ந்தால் ‘சேஸ்’ ஆகாது, ‘செஸ்’ என்று குறுகும். ‘பே’யின் இறந்தகாலம் ‘பெய்ட்’ என்று நீண்டு ஒலிக்க, ‘சே’யின் இறந்தகாலம் ‘செட்’ என்று குறுகுகிறது. அவ்வாறே எடையைக் குறிக்கும் ‘வெய்ட்’டும் உயரத்தைக் குறிக்கும் ‘ஹைட்’டும் முதலெழுத்து நீங்கலாக ஒரே எழுத்துக்களைக் கொண்டவை, ஓசையோ வெவ்வேறு.

பணத்தின் ‘ப’வும் கம்பத்தின் ‘ப’வும்

தமிழெழுத்து ஒரு சிக்கலை மறைத்துவிடுகிறது. செலுத்து என்பதும் ‘பே’. விரிகுடா என்னும் பொருளுடைய சொல்லும் தமிழெழுத்தில் ‘பே’. முன்னதில் வருவது ‘பணம்’ என்பதிலுள்ள ப. பின்னதில் வருவது ‘கம்பம்’ என்பதிலுள்ள ப. அரபியில் பணத்தின் ப இல்லை. அதனால்தான் ஜாவி எழுத்தில் ‘ஃபா’வின் மேல் மூன்று புள்ளியிட்டு அவ்வொலியைக் குறித்தார்கள்.

பணத்தின் ப மட்டும் போதாது. ஆங்கிலேயர் அதனைக் காற்றோடு சேர்த்து வெளியிடுகின்றனர். காற்று இல்லையேல் அவர் காதில் அது விரிகுடாவாக விழக்கூடும். பழகும் வழி எளிது. ஒரு மெல்லிய ரசீதுத் தாளை வாயின் முன் பிடித்துக்கொண்டு சொல்லிப் பாருங்கள். செலுத்து என்னும்போது தாள் ஆட வேண்டும். விரிகுடா என்னும்போது ஏறக்குறைய அசையாதிருக்க வேண்டும். இன்னொரு குறிப்பு: ஆங்கிலேயரின் ‘பே’ நம் நெடிலைப் போல் நேராக நிற்பதில்லை, முடிவில் ‘ய்’ என்று வளையும். சொன்னால் நகைப்பீர்கள், நம் ‘பேய்’ என்னும் சொல்லே அதற்கு மிக நெருங்கியது!

வியாபாரத்தில் ஓசை

ஓசை ஒத்த வாசகம் மனத்தில் ஒட்டிக்கொள்ளும். விளம்பரம் எழுதுவோர் இதனை நன்கறிவர். “நோ டிலே, பே டுடே” என்று எழுதி வைத்தால் பற்று எழுதச் சொல்பவரும் சிரித்துக்கொண்டே பணத்தை எடுக்கக்கூடும். ஆயினும் ஓர் எச்சரிக்கை. ஓசை ஒத்த பழமொழியை, அதே கருத்தை ஓசையின்றிச் சொன்னதைவிட மெய்யென்று மக்கள் நம்புவதாக அமெரிக்க உளவியல் அறிஞர் இருவர் 2000-இல் வெளியிட்ட ஆய்வில் கண்டனர். ஆகவே பிறர் நீட்டும் இனிய வாசகத்தைக் கேட்கும்போது ஓசையைக் கழித்துவிட்டுப் பொருளை எடையிட வேண்டும். நாம் எழுதும் வாசகத்திலும் ஓசைக்காக உண்மையை வளைக்கலாகாது.

பயிற்சி

1. கடன்பாக்கியைக் குறிக்கும் ‘ட்யூ’ என்னும் சொல்லுக்கு ஓசைத் துணையாகப் பத்துச் சொற்கள் எழுதுக.

2. பின்வரும் மூன்றில் ‘ட்யூ’வோடு சேராதது எது? என், ஈ, டபிள்யூ - புதிய; எஃப், ஈ, டபிள்யூ - சில; எஸ், ஈ, டபிள்யூ - தை. (விடை: மூன்றாவது. துணிக்கடைக்காரர் அறிவர், அது ‘சோ’ என்று ஒலிக்கும்.)

இப்பயிற்சியை இரவு கடை அடைத்த பின் வீட்டில் பிள்ளைகளோடு அமர்ந்து செய்க. அத்தா ஒலியைச் சொல்லட்டும். பிள்ளை எழுத்தைச் சொல்லட்டும். அத்தாவுக்குப் படிக்க வரும். பிள்ளைக்குப் பேச வரும். அத்தாவுக்கு ஒன்றும் தெரியாது என்னும் எண்ணமும் பிள்ளையின் மனத்திலிருந்து நீங்கும்.

‘பே’ என்னும் சொல், சமாதானத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லின் வழியாகப் பிரெஞ்சு மொழிக்கு வந்து அங்கிருந்து ஆங்கிலத்தை அடைந்தது. கொடுக்க வேண்டியதைக் கொடுத்துக் கடன் தந்தவரின் மனத்தை அமைதிப்படுத்துவதே அதன் முதற்பொருள். ‘பே’க்கு ஓசைத் துணை ‘டுடே’ என்பதை வியாபாரிகளாகிய நாம் நாவில் மட்டுமன்றி நடப்பிலும் வைத்துக்கொள்வோமாக.