முதல் பரிசோதனைக்கு ஒரு தாயை வரவழைப்பது எது?

பி.எட். வகுப்பில் ‘ஊக்கம்’ என்னும் தலைப்பை நாம் அனைவரும் படித்திருக்கிறோம். அகத்தூண்டல், புறத்தூண்டல் என்று எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறோம். அதே பாடத்தை நம் மாணவர்களின் தாய்மார்களுக்குப் பொருத்திப் பார்க்க ஓர் அவசியம் இருக்கிறது.

ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019-21), 30 முதல் 49 வயதுக்குள் ஒருமுறையேனும் மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனை செய்துகொண்ட பெண்கள் இந்திய அளவில் 0.9 விழுக்காடு, தமிழ்நாட்டில் 5.6. மற்ற மாநிலங்களை ஒப்பிட நாம் முன்னே இருக்கிறோம். ஆயினும் பெற்றோர் கூட்டத்துக்கு வரும் 20 தாய்மாரில் சுமாராக ஒருவர் என்றுதான் கணக்கு வருகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இப்பரிசோதனை இலவசம். ஆகவே, பணம் மட்டுமே தடை அன்று.

இலவசமாகக் கொடுத்தும் ஏன் வருவதில்லை என்பது பழைய கேள்விதான். 1950-களில் அமெரிக்காவில் காசநோயைக் கண்டறிய இலவச மார்பு எக்ஸ்ரே எடுத்தபோதும் எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. அதை ஆராய்ந்த ஹோக்பாம், ரோசன்ஸ்டாக் முதலிய உளவியலாளர்கள் உருவாக்கியதே சுகாதார நம்பிக்கை மாதிரி. நோய் தனக்கும் வரக்கூடும், வந்தால் கடுமையானது, பரிசோதனையால் பயன் உண்டு, தடைகள் அதைவிடச் சிறியவை என்று ஒருவர் நம்ப வேண்டும். அதன் பிறகும் ‘இன்று போ’ என்று தள்ளிவிட ஒரு தூண்டுதல் வேண்டும்.

நம் சுவரொட்டிகள் பெரும்பாலும் இரண்டாவதோடு நின்றுவிடுகின்றன. பயமுறுத்துகிறோம். பயந்தவர் வழி தெரிந்தால் போவார். தெரியாவிட்டால் அந்தப் பேச்சையே தவிர்ப்பார். “எங்க வீட்ல யாருக்கும் இல்லையே டீச்சர்” என்பது நாம் அடிக்கடி கேட்கும் பதில். மார்பகப் புற்றுநோய் வந்தவர்களில் பெரும்பாலோர் குடும்பத்தில் முன்பு அது இருந்ததில்லை என்பதை அமைதியாகச் சொல்லலாம்.

தடைகளைத்தான் விரிவாகப் பேச வேண்டும். பார்ப்பது ஆணா, பெண்ணா? ரவிக்கையைக் கழற்ற வேண்டுமா? கட்டி என்று சொல்லிவிட்டால் மகள் கல்யாணம் என்னாகும்? இவற்றை யாரும் கூட்டத்தில் எழுந்து கேட்க மாட்டார்கள். நாமே சொல்லிவிட வேண்டும்: பெண் செவிலியர் மறைவான இடத்தில் விரல்களால் தொட்டுப் பார்ப்பார், சில நிமிடங்களே ஆகும், ஆம், மேலாடையைத் தளர்த்த வேண்டும், ஐயம் இருந்தால் மேல் பரிசோதனைக்கு அனுப்புவார்கள், தட்டுப்படும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல.

தொட்டுப் பார்ப்பதால் என்ன பயன் என்று கேட்பவருக்கு மும்பையே பதில். டாடா நினைவு மருத்துவமனை 1998-இல் தொடங்கி ஏறத்தாழ 1.5 லட்சம் பெண்களிடம் ஆய்வு நடத்தியது. பரிசோதித்தவர்கள் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள். 2021-இல் வெளியான முடிவின்படி, 50 வயதுக்கு மேற்பட்டோரிடம் இந்நோயால் நேரும் இறப்பு சுமார் 30 விழுக்காடு குறைந்தது. இளையவர்களிடம் அத்தகைய குறைவு தெரியவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்வோம். மாறாக, ஷாங்காயில் 2.6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆலைத் தொழிலாளர்களிடையே நடந்த ஆய்வில், சுயபரிசோதனை கற்றுக்கொடுத்ததால் மட்டும் இறப்பு குறையவில்லை. அக்டோபரில் இளஞ்சிவப்பு ரிப்பன் குத்திச் சுயபரிசோதனைப் படத்தைக் காட்டுவதோடு முடித்துக்கொள்வது போதாது.

பத்தாம் வகுப்பு அறிவியலில் புற்றுநோய் பற்றிய பகுதி இருக்கிறது. அதை நடத்தும்போது வீட்டுக்குச் செய்தி போகலாம். ஆனால், ‘அம்மாவின் பரிசோதனைச் சீட்டைக் கொண்டு வா’ என்று செயல்திட்டம் தருவது கூடாது. அது பிள்ளையின் வேலையும் அன்று, நாம் பார்க்க வேண்டிய தாளும் அன்று.

பொருத்தமான இடம் பள்ளி மேலாண்மைக் குழு. உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பது 2009 கல்வி உரிமைச் சட்டம். தனியாகப் போகத் தயங்குபவர் நால்வரோடு சேர்ந்தால் போவார். அந்த நால்வரில் ஓர் ஆசிரியையும் ஒரு சத்துணவுப் பணியாளரும் இருப்பது நல்லது; ஆசிரியைகளில் எத்தனை பேர் இதுவரை போயிருக்கிறோம் என்பது தனிக் கேள்வி. செவிலியரிடம் நாளையும் நேரத்தையும் முன்கூட்டியே கேட்டு வைக்க வேண்டும். நூறு நாள் வேலை இருக்கும் நாளில் யாரும் வரமாட்டார்கள். கட்டி, காம்பில் இரத்தக் கசிவு, தோல் சுருக்கம் போன்றவற்றை ஏற்கெனவே கண்டவர் மட்டும் அந்த நாளுக்காகக் காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.