ரேகை பார்த்து குரூப் எடுக்காதீர்கள்

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த கையோடு வீட்டுக்கு வீடு எழும் கேள்வி, "எந்த குரூப்?" மயிலாப்பூரில் கணக்கு நடத்தும் என்னிடம் சில வருடங்களாக அந்தக் கேள்வியோடு, பிள்ளையின் 'கற்றல் பாணி' இதுதான் என்று சொல்லும் ஒரு சோதனையின் வண்ண வண்ண அறிக்கையும் வருகிறது. கணக்கு நன்றாக வரக்கூடிய ஒரு மாணவி சொன்னாள்: "நான் விஷுவல் லேர்னர் மிஸ். மேத்ஸ் எனக்கு செட் ஆகாதாம். பயாலஜி எடுத்துக்கறேன்." அப்பாவும் தலையாட்டினார். மனசு கேட்காமல்தான் இதை எழுதுகிறேன்.

பிள்ளைக்கு ஏற்றபடி பாடம் நடக்க வேண்டும் என்று பெற்றோர் விரும்புவது நியாயமே. அதற்கு நல்ல வழிகள் நம் ஊரிலேயே இருக்கின்றன.

சின்னக் குழந்தை என்றால் மாண்டிசோரி. மரியா மாண்டிசோரி 1939-ல் அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்து நம் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தவர். ஒற்றை மணி, பத்து மணிக் கம்பி, நூறு மணிச் சதுரம், ஆயிரம் மணிக் கனசதுரம் என்று கையில் எடுத்துப் பார்த்த குழந்தைக்கு இடமதிப்பு மறக்காது. பள்ளியைப் பார்க்கப் போனால் பெயர்ப்பலகையை விட்டுவிட்டு, அந்த மணிகள் குழந்தைகள் கைக்கு எட்டும் அலமாரியில் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

செலவில்லாத வழி அரசுப் பள்ளி. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-ல் தொடங்கிய செயல்வழிக் கற்றல், பிறகு தமிழ்நாடு முழுக்கப் போனது. 2022-ல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டம் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கிறது. குழந்தை எந்தப் படியில் நிற்கிறது என்பதற்கான பிரிவு அது. அரும்பு நாளைக்கு மொட்டாகும்.

பெரிய வகுப்பில் பெரும்பாலோர் வழக்கமான பள்ளி, மாலையில் டியூஷன் என்று வந்துவிடுகிறார்கள். தவறில்லை. டியூஷன் ஆசிரியர் நோட்டைத் திருத்துகிறாரா என்று மட்டும் பாருங்கள்.

வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்வது, பிள்ளையைப் 'பார்த்துக் கற்பவர்', 'கேட்டுக் கற்பவர்', 'செய்து கற்பவர்' என்று முத்திரை குத்தும் சோதனைகளை. 2008-ல் ஹெரால்ட் பாஷ்லர் உள்ளிட்ட நான்கு உளவியலாளர்கள் இது பற்றிய ஆய்வுகளை அலசினார்கள். முத்திரைக்கு ஏற்றபடி பாடம் நடத்தினால் பிள்ளை கூடுதலாகக் கற்கும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்பதே அவர்கள் முடிவு. பன்முக நுண்ணறிவு பற்றி 1983-ல் எழுதிய ஹோவர்ட் கார்ட்னரே, தன் கருத்து வேறு, கற்றல் பாணி வேறு என்று விளக்கியிருக்கிறார்.

இதைவிட மோசம், டி.எம்.ஐ.டி. என்ற பெயரில் விரல்ரேகை எடுத்து மூளையைக் கணிப்பது. ரேகை தாயின் வயிற்றிலேயே அமைந்துவிடுகிறது. அதற்குப் பிறகு பிள்ளை படித்ததும் பழகியதும் அதில் எப்படித் தெரியும்? இந்திய மனநல மருத்துவர் சங்கம் இதற்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று சொல்லிவிட்டது. அந்தக் காசுக்கு நல்ல புத்தகங்கள் வாங்கித் தரலாம்.

எப்படிக் கற்பது என்பதைப் பெரும்பாலும் பாடமே சொல்லிவிடும். சரளி வரிசையை வாய் திறந்து பாடாமல் கற்க முடியாது. தேசப்படத்தைப் பார்க்காமல் கற்க முடியாது. மூன்றில் ஒன்றையும் நான்கில் ஒன்றையும் கூட்ட, நான் ஒரு தாளை நீளவாக்கில் மூன்றாகவும் குறுக்கே நான்காகவும் மடிக்கச் சொல்வேன். பன்னிரண்டு கட்டம் விழும். நான்கு கட்டமும் மூன்று கட்டமும் சேர்ந்து ஏழு. மடித்ததும் பார்த்ததும் வாய்விட்டுச் சொன்னதும் சேர்ந்துதான் அது மனதில் பதிகிறது. எல்லாப் பிள்ளைக்கும் மூன்றும் வேண்டும்.

ஸ்மார்ட் போர்டைவிடக் கரும்பலகையும், ஆப்பைவிட வாய்ப்பாடும் எனக்கு உசத்தி. வகுப்பறையில் பார்த்துப் பார்த்து வந்த நம்பிக்கை அது.

மாணவர்களே, நாட்டம் ஒரே நாளில் தெரிந்துவிடாது. எந்தப் பாடத்தில் தப்பு வந்தாலும் மறுபடி போட்டுப் பார்க்கத் தோன்றுகிறதோ, அதுவே உங்கள் பாடம். பெற்றோரே, பக்கத்து வீட்டுப் பிள்ளை எடுத்த குரூப்பை மறந்துவிடுங்கள். உங்கள் பிள்ளையின் நோட்டை எடுத்துப் புரட்டுங்கள். அவளுக்கு எது வருகிறது, எங்கே தடுக்குகிறது என்பது அதில் இருக்கிறது. தடுக்கும் இடத்தில் பொறுமையாக உட்கார ஓர் ஆசிரியரைத் தேடுங்கள். கணக்கு வராது என்று மட்டும் பதினைந்து வயதில் முடிவு கட்டிவிடாதீர்கள்.