வழியறியும் வண்டி

2023-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 27 அன்று நிலவில் ஒரு சிறு நிகழ்ச்சி. சந்திரயான்-3 இறக்கிவிட்ட பிரக்யான் என்னும் 26 கிலோ எடையுள்ள ஆறு சக்கர வண்டியின் எதிரே, 3 மீட்டர் தொலைவில், 4 மீட்டர் விட்டமுள்ள பள்ளம் ஒன்று தென்பட்டது. வந்த வழியே திரும்புமாறு பூமியிலிருந்து ஆணை பறந்தது. வண்டியும் திரும்பிற்று. அச்செய்தியை வத்தலக்குண்டுப் பேருந்து நிலையத்தில் படித்தபோதுதான், அத்தகைய வண்டியொன்றை வீட்டிலேயே செய்து பார்த்தால் என்ன என்று தோன்றியது.

இது புதிய ஆசையன்று. இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரில் கிரே வால்ட்டர் என்னும் அறிஞர் 1940-களின் இறுதியிலேயே, ஒளியை நாடிச் செல்லும் இரண்டு ‘ஆமை’களைச் செய்து காட்டினார். நமக்கு வேண்டியவை இன்னும் எளியவை: ஒரு பலகை, பல்சக்கரம் பொருந்திய இரண்டு சிறு மோட்டார்கள், முன்னால் ஓர் உருளைச் சக்கரம், அர்டுயினோ பலகை, மோட்டார்களை இயக்கும் எல்298என் பலகை, பேட்டரி. எல்298என் பலகை தானே ஏறக்குறைய 2 வோல்ட்டை விழுங்கிவிடும். 6 வோல்ட் கொடுத்தால் மோட்டாருக்குச் சேர்வது 4 வோல்ட்டே. இதனை அறியாமல் ஒரு வாரம் மோட்டார்களைக் குறை கூறிக்கொண்டிருந்தேன்!

வண்டி சென்ற தூரத்தை நேரத்தால் அளத்தல் கூடாது. பேட்டரி தளரத் தளர வேகம் குறையும். ஆகவே சக்கரத்துடன் 20 துளைகள் கொண்ட தட்டைச் சுழலவிட்டு, துளைகளை எண்ணுதல் வேண்டும். 6.5 செ.மீ. விட்டமுள்ள சக்கரத்தின் சுற்றளவு 20.4 செ.மீ.; எனவே ஒரு துளைக்கு ஏறத்தாழ 1 செ.மீ. சக்கரங்களின் இடைவெளி 13 செ.மீ. எனில், நின்ற இடத்திலேயே செங்கோணம் திரும்ப ஒரு சக்கரம் முன்னும் மற்றது பின்னுமாக 10 துளைகள் சுழன்றால் போதும்.

கணக்கு இவ்வளவு அழகாக இருக்க, தரையில் நடந்ததோ வேறு. ஒரு சக்கரம் மற்றதைவிட நூற்றில் ஒரு பங்கு பெரிதாயிருந்தாலும், 1 மீட்டர் செல்வதற்குள் வண்டி 4 பாகைக்கு மேல் திரும்பிவிடும். 4 மீட்டரில் நேர்கோட்டைவிட்டு 60 செ.மீ. விலகிவிடும். பிழை வளர்ந்துகொண்டே போகும் என்பதே இதன் கொடுமை. இதைச் சோதிக்க, சுண்ணாம்புக்கட்டியால் ஒரு சதுரம் வரைந்து, வண்டியை வலமாகவும் இடமாகவும் சுற்றவிடுக. ஒரு திசையில் மட்டும் ஓட்டினால், இரண்டு பிழைகள் ஒன்றையொன்று மறைத்து நம்மை ஏமாற்றக்கூடும். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் போரன்ஸ்டீனும் ஃபெங்கும் 1990-களில் எடுத்துக்காட்டிய முறை இது.

எனக்கு வழி காட்டியவர் எங்கள் அப்பத்தா. பார்வை மங்கிச் சில ஆண்டுகள் ஆகின்றன. கட்டிலிலிருந்து புழக்கடைக் கதவுக்குப் பதினான்கு அடி என்று கணக்கு வைத்திருக்கிறார். ஆனால் ஏழாம் அடியில் கையை நீட்டித் தூணைத் தொடாமல் மேலே நடப்பதில்லை. ஏன் என்று கேட்டேன். “எண்ணிக்கையை நம்பி எம்புட்டுத் தூரம்டா போறது? தூணைத் தொட்டுட்டா, அங்கேருந்து புதுசா எண்ணலாம்ல” என்றார்.

அன்றே வண்டியின் முகப்பில் ஒலியலைக் கருவி ஒன்றைப் பொருத்தினேன். காதுக்கெட்டாத ஒலியை அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தைக் கொண்டு தூரம் அறிவது அது. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்லும்; 1 மீட்டருக்கு அப்பாலுள்ள சுவரைத் தொட்டுத் திரும்ப ஆயிரத்தில் 6 நொடி. வழியில் சுவரைக் கண்டதும் பழைய எண்ணிக்கையை விட்டு, அச்சுவரிலிருந்து புதிதாக எண்ணுமாறு நிரல் எழுதினேன். வண்டி முதன்முறையாகப் புழக்கடைக் கதவருகே சென்று நின்றது.

மறுநாள் கூடத்துக் கொடியில் நூற்சேலை காய்ந்துகொண்டிருந்தது. துணி ஒலியை உறிஞ்சிவிடும்; எதிரொலி திரும்பவில்லை. வண்டி நேராகச் சேலைக்குள் புகுந்து, சக்கரத்தில் தலைப்பைச் சுற்றிக்கொண்டு முனகிற்று. அப்பத்தா கைத்தடியால் அதைத் தட்டிப் பார்த்து, “இதுக்கும் கண்ணு தெரியலையா?” என்றார்.