மரமில்லாத வில்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

திண்டுக்கல்லிலிருந்து கரூர் செல்லும் சாலையில், குடகனாற்றை ஒட்டி அமைந்த தாடிக்கொம்பில், சௌந்தரராஜப் பெருமாள் கோயிலின் மண்டபச் சிற்பங்களைக் காண வருவோர் ரதி மன்மதர் முன்னிலையில் சற்று அதிக நேரம் நிற்பது வழக்கம். விவாகம் கைகூட வேண்டி அவ்விருவரையும் வழிபட வருவோரும் பலர். அந்த மன்மதனுக்குப் புராணம் அளித்திருக்கும் வில்லோ கரும்பு. வில்லென்றால் வைரம் பாய்ந்த மரமே என்ற தீர்மானம் நம்முடைய சம்பிரதாயத்திலேயே அவ்வளவு உறுதியாக இருந்ததில்லை. ஆயினும், தண்ணீர்க் குழாயையும் ஃபைபர் பட்டையையும் கொண்டு வீட்டிலேயே வில் செய்ய இளைஞர் முற்படும்போது, பெரியவர்கள் அதை விளையாட்டுச் சாமான் என்று தள்ளுவதும், இளைஞர்கள் அதையே உடையாத வில் என்று கொண்டாடுவதும் சகஜமாகிவிட்டன. இவ்விரு அபிப்பிராயங்களும் பிழையானவை. இரண்டாவது பிழை ஆபத்தானதும்கூட.

மரத்தாலோ மூங்கிலாலோ ஆகாதது வில்லாகாது என்ற முதல் நம்பிக்கையைச் சரித்திரமே மறுக்கிறது. மொகலாயர் காலத்து வீரர் கையாண்ட கூட்டு வில்லில் மரம் நடுவே மெல்லிய கருவாக மட்டும் இருந்தது. வளையும்போது இழுபடும் முதுகுப்புறத்தில் மிருகத்தின் தசைநாரையும், அமுக்கப்படும் வயிற்றுப்புறத்தில் எருமைக் கொம்பையும் பசையால் ஒட்டி, அவ்விரண்டின் சக்தியையே அவர்கள் பயன்படுத்தினர். பசை மழைக்காலத்து ஈரத்தில் தளர்ந்துவிடும் இந்நாட்டில், முழுவதும் எஃகாலேயே வில் அடித்த கொல்லரும் இருந்தனர். நாரும் கொம்பும் பகிர்ந்து செய்த வேலையை ஒன்றாகவே செய்யும் கண்ணாடி இழை, 1950-களின் தொடக்கத்தில் அமெரிக்க வில் தயாரிப்பாளரான ஃப்ரெட் பேர் போன்றோரின் முயற்சியால் பரவலாயிற்று. 1920-க்குப் பிறகு நீண்ட காலம் விடுபட்டிருந்த வில்வித்தை 1972-ல் மியூனிக் ஒலிம்பிக்கில் மீண்டும் இடம் பெற்றபோது, மரம் மட்டுமே கொண்ட வில்லின் காலம் சர்வதேசப் போட்டிகளில் முடிந்திருந்தது. ராஜஸ்தானத்துப் பழங்குடிச் சிறுவனாக மூங்கில் வில்லோடு வளர்ந்த லிம்பா ராம், 1987-ல் இந்திய விளையாட்டு ஆணையத்தால் தேர்ந்தெடுக்கப்பட்டு நவீன வில்லை ஏந்தி, 1992-ல் பெய்ஜிங்கில் 30 மீட்டர் தூரத்தில் 360-க்கு 358 புள்ளிகள் எடுத்து உலக சாதனையைச் சமன் செய்தார். ராஞ்சிப் பக்கத்தில் வீட்டு மூங்கில் வில்லோடு தொடங்கிய தீபிகா குமாரி, 2010-ல் டெல்லி காமன்வெல்த் போட்டியில் தங்கம் வென்றதும் செயற்கை இழைகளாலான வில்லைக் கொண்டே. மூங்கிலும் அவமதிக்கப்படவில்லை: ‘இந்தியச் சுற்று’ என்ற பெயரில், மூங்கில் வில்லுக்கென்றே 50 மீட்டரிலும் 30 மீட்டரிலும் நம் நாட்டில் இன்றும் போட்டிகள் நடக்கின்றன.

இனி, மரத்தைவிட பிளாஸ்டிக் எதுவாயினும் மேல் என்ற நம்பிக்கை. இதை நான் சற்று நின்று விசாரிக்க விரும்புகிறேன். ஏனெனில் பிள்ளைகளின் கண்ணுக்கும் கைக்கும் சம்பந்தப்பட்டது இது. நம் சமவெளியில் கிணற்றுப் பாசனத்துக்காக எல்லாத் தோட்டங்களிலும் கிடக்கும் பி.வி.சி. பைப்பே பிள்ளைகளுக்கு எளிதில் கிடைப்பது. ‘10 கிலோ பைப்பு, ஆகையால் எதையும் தாங்கும்’ என்று அவர்கள் துணிகிறார்கள். அந்த 10 கிலோ என்பது, குழாயின் உள்ளிருந்து ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் நீர் தள்ளும் அழுத்தத்தின் அளவு. குழாயை அரைவட்டமாக வளைத்து ஆயிரம் தடவை விடுவதற்கும் அந்த எண்ணுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. வில்லுக்கு வேண்டியது எடை குறைவும் விறைப்பும், வளைத்ததை மிச்சமின்றித் திருப்பித் தரும் ஸ்வபாவமும். ஒரு கன சென்டிமீட்டர் பி.வி.சி. சுமார் 1.4 கிராம் எடையுள்ளது. உலர்ந்த மூங்கில் அதில் ஏறக்குறைய பாதி. விறைப்பிலோ மூங்கில் பி.வி.சி.யைப் பல மடங்கு மிஞ்சுகிறது; இழைகள் நீளவாக்கில் ஓடும் கண்ணாடி இழைப் பட்டை பத்து மடங்குக்கும் மேல் மிஞ்சுகிறது. ஆகவே பைப்பு வில்லின் சக்தியில் கணிசமான பங்கு அதன் கனத்த கைகளை அசைப்பதிலேயே செலவழிந்து, அம்புக்குப் போய்ச் சேருவது குறைகிறது. இதனோடு நிற்பதுமில்லை: நாணேற்றியபடியே வைத்தால் பைப்பு அந்த வளைவையே தன் வடிவமாக ஏற்றுக்கொள்கிறது, வெயிலில் கிடந்து வெளிறிய பைப்பு, மூங்கிலைப்போல் சிம்பு கிளம்பி முன்னறிவிப்புத் தராமல், திடீரென்று கூரிய துண்டுகளாகத் தெறிக்கிறது. திண்டுக்கல் வெயிலை அறிந்தவர்களுக்கு, வயலோரத்தில் கிடக்கும் பழைய குழாய் எவ்வளவு நொறுங்கக்கூடியது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

‘ஃபைபர்’ என்று கடையில் கேட்டு வாங்கினால் போதும் என்பதும் சரியன்று. கூரைத் தகட்டிலும் தண்ணீர்த் தொட்டியிலும் உள்ள கண்ணாடி இழைகள் நாலா பக்கமும் சிதறிக் கிடப்பவை. அவற்றிலிருந்து அறுத்தெடுத்த பட்டை வில்லாகாது. இழைகள் முழு நீளத்துக்கும் ஒரே திசையில் ஓடும் கம்பியோ பட்டையோதான் தகுதியுடையது. அதிலும் கைப்பிடிக்காகத் துளையிட்டால், துளையிட்ட இடத்தில் இழைகள் அறுந்து, வில் அங்கேயே பிளக்கும்; கைப்பிடியைக் கட்ட வேண்டும், ஆணியோ போல்ட்டோ கூடாது. ஒரே தடிமனுள்ள கம்பி நடுவிலேயே அதிகம் வளைந்து நுனிகளில் சும்மா இருக்கும் ஆதலால், லாரியின் அச்சுக்கு மேல் நீளம் குறையக் குறைய அடுக்கிய எஃகுப் பட்டைகளைப்போல, நீளமான பட்டையின் மீது குட்டையான பட்டைகளை அடுக்கி இறுகக் கட்டுவதே உத்தமமான முறை. மரத்தைச் செதுக்குவோன் வில்லின் இரு கைகளும் சமமாக வளைகின்றனவா என்று பார்த்துப் பார்த்துச் சீவுவதுபோல், செயற்கை வில்லிலும் அந்தச் சோதனை அவசியம். ஆலையில் வார்த்தது என்பதால் இரு கைகளும் தாமாகவே சமமாகிவிடா. அறுக்கும்போதும் தேய்க்கும்போதும் பட்டையைத் தண்ணீரில் நனைத்து, மூக்கை மூடிக்கொள்ளுங்கள். கண்ணாடித் தூள் தோலை அரிக்கும், சுவாசத்தையும் வருத்தும்.

நாணுக்கு நைலான் கயிறு உறுதியானது என்பர்; உறுதி உண்டு, ஆனால் அது இழுபட்டு நீள்கிறது. அவ்வளவாக நீளாத பாலியெஸ்டர் நூலைப் பல புரிகளாகச் சேர்த்து, நடுவில் அம்பு பொருத்தும் இடத்தைத் தனி நூலால் சுற்றிக் கட்டுவதே சரி.

அம்பு வைக்காமல் நாணை இழுத்து விட்டால் ஒன்றும் ஆகாது என்ற நம்பிக்கையால் உடைந்த விற்கள் எத்தனையோ. வளைத்துச் சேர்த்த சக்தியை எடுத்துச் செல்ல அம்பு இல்லாவிட்டால், அது முழுவதும் வில்லின் கைகளையே அறைகிறது. மிக லேசான அம்பும் ஏறக்குறைய அதே தீங்கைச் செய்யும். வீட்டு வில்லுக்கு, இழுவிசையின் ஒவ்வொரு பவுண்டுக்கும் அம்பில் பத்து கிரெயின் எடை என்று கொள்வது பத்திரமான கணக்கு. 25 பவுண்டு வில்லுக்கு அது சுமார் 16 கிராம் ஆகிறது. கொக்கியில் மாட்டி நிறுக்கும் தராசு ஒன்றால் இழுவிசையை எவரும் அளந்துகொள்ளலாம். இழுவிசை மிகுந்தால் வித்தை மிகும் என்று எண்ணி 40 பவுண்டு வில்லோடு தொடங்குபவன், தோளைக் கெடுத்துக்கொள்வதோடு குறியையும் கற்பதில்லை.

வெயில் காலத்தில் மூடிய காருக்குள் வில்லை வைத்துப் போகாதீர்கள். அந்த வெப்பம் ஒட்டுப் பசையையும் பி.வி.சி.யையும் இளக்கப் போதுமானது.

வீட்டில் செய்த வில்லுக்குச் சட்டம் இல்லை, கம்மாய்க்கரையில் முயலையும் காட்டோரத்தில் மயிலையும் எய்யலாம் என்று நினைப்பவர்கள் மிகவும் தவறுகிறார்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ஆயுதம் எதுவென்று பார்த்து மன்னிப்பதில்லை, மயில் அதன் முதல் அட்டவணையிலேயே இருக்கிறது. ஆகையால் வில் செய்யத் துடிக்கும் இளைஞர்களை நான் மனமாரக் கேட்டுக்கொள்வது இது: தோட்டத்துப் பைப்பைத் தண்ணீருக்கே விட்டுவிட்டு, முற்றிய மூங்கிலையோ நீளவாக்கில் இழையோடும் ஃபைபர் பட்டையையோ கொண்டு, 20 பவுண்டுக்கு மேற்படாத வில் ஒன்றைச் செய்யுங்கள்; முதல் தடவைகளில் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து இழுத்துப் பாருங்கள்; வைக்கோல் போரை இலக்காக வைத்து, அதன் பின்னால் மனிதரோ மாடோ வர வழியில்லாத இடத்தில், பெரியவர் ஒருவர் அருகிலிருக்க எய்யுங்கள்.