படிப்பு முடிந்தபின் பிரிட்டனில் பணி: கல்விக் கடன் பெற்றோர் அறிய வேண்டியவை

பன்னாட்டு வணிகவியலில் ஓராண்டு முதுகலைப் படிப்பிற்காகப் பிரிட்டன் செல்லும் மாணவர்களுள் பலர், படிப்பு முடிந்தபின் அங்கேயே சில ஆண்டுகள் பணியாற்றிக் கடனை அடைத்துவிடலாம் எனக் கணக்கிடுகின்றனர். கணக்கு தவறன்று. ஆயினும் அதற்குள் இரண்டு கெடுக்கள் அடங்கியுள்ளதை நாம் நினைவிற் கொள்ள வேண்டும்.

விசாவின் கெடு

2021 ஜூலையில் தொடங்கப்பட்ட 'கிராஜுவேட்' விசா, முதுகலை முடித்தோருக்கு 2 ஆண்டுகள் வழங்கப்படுவது. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்போருக்கு 18 மாதங்களே கிடைக்கும். மாணவர் விசா முடியுமுன், பிரிட்டனில் இருந்தபடியே விண்ணப்பித்தல் வேண்டும். மருத்துவக் கட்டணமாக ஆண்டுக்கு 1,035 பவுண்டு வீதம் முன்னதாகவே செலுத்த வேண்டும். கடன் தொகையைத் திட்டமிடும்போதே இதனையும் சேர்த்துக்கொள்வது நன்று.

இவ்விசா நீட்டிக்கப்படுவதில்லை. தொடர்ந்து தங்க விரும்புவோர், அரசின் உரிமம் பெற்ற நிறுவனத்தில் பணி பெற்றுத் திறன்மிகு பணியாளர் விசாவிற்கு மாற வேண்டும். அதற்குக் குறைந்தபட்ச ஊதிய வரம்பும் உண்டு. உரிமம் பெற்ற நிறுவனங்களின் பட்டியலைப் பிரிட்டன் அரசே வெளியிடுகிறது. வேலை தேடும்போது முதலில் காண வேண்டியது அப்பட்டியலே.

கடனின் கெடு

பொதுவாகப் படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை ஒத்திவைக்கப்படுகிறது. வேலை கிடைத்தாலும் கிடைக்காவிடினும், அக்கெடு முடிந்ததும் தவணை தொடங்கிவிடும். வட்டியோ கடன் வழங்கிய நாள்முதல் சேர்கிறது.

எடுத்துக்காட்டாக, 10 சதவீத வட்டியில் 20 லட்ச ரூபாய் தொடக்கத்திலேயே வழங்கப்பட்டால், தனிவட்டிக் கணக்கில் இரண்டு ஆண்டுகளில் 4 லட்சம் சேரும். 24 லட்சத்தை 15 ஆண்டுகளில் அடைக்க மாதத் தவணை ஏறத்தாழ 25,800 ரூபாய். ஒத்திவைப்புக் காலத்தில் மாதந்தோறும் வட்டியை மட்டும், அதாவது சுமார் 16,700 ரூபாயைப் பெற்றோர் செலுத்தி வரின், பின்னர்த் தவணை 21,500 ரூபாய் அளவிலேயே நிற்கும்.

செய்ய வேண்டியவை

1. வெளிநாடு சென்றபின் உள்நாட்டுச் சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றுக. அங்கு ஈட்டும் ஊதியத்தை அனுப்ப என்.ஆர்.இ. கணக்குத் தொடங்குக. இரண்டிலிருந்தும் தவணை செலுத்தலாம்.

2. பழைய வரிமுறையைத் தேர்ந்த கடனாளி, தாம் செலுத்தும் கல்விக் கடன் வட்டிக்கு 8 ஆண்டுகள் வரை வருமான வரிக் கழிவு பெறலாம்.

3. வேலை கிடைக்கத் தாமதமானால், முதல் தவணை நாளுக்கு முன்பே கிளையை அணுகுக. தவணை தவறினால், இணைக் கடனாளியாகக் கையொப்பமிட்ட தந்தை அல்லது தாயின் கடன் மதிப்பெண்ணும் குறையும்.

விசா எவ்வளவு காலம் என்பதை மாணவர் அறிவர்; தவணை எந்த மாதம் தொடங்கும் என்பதை இல்லத்தில் உள்ளோரும் அறிந்திருத்தல் வேண்டும். இரண்டையும் ஒரே தாளில் எழுதிவைத்துப் புறப்படுவதே நாம் கூறும் முதல் அறிவுரை.